பீட்ரூட் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்

தோட்டங்களில் சுகாதார வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். நாலு பேர் என்னையே பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் ஒருவர் உரக்க வாசியுங்கள். சில இடங்களில் சிரிப்பு வரும். சிரியுங்கள். ஆனால் எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்து மருந்துச்சாலையில் உதவியாளாக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிள்ளைகளை நிறுப்பது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய் இதைச் சாப்பிடுங்கள், அதைக் கொதிக்க வையுங்கள் என்று சொல்வது, இதுதான் என் வேலை. எனக்கு மேலே மருந்து கொடுக்கும் ஐயா ஒருவர் இருந்தார். அவர் டொக்டர் இல்லை. ஆனால் தோட்டம் முழுவதும் அவரை டொக்டரய்யா என்றுதான் கூப்பிட்டது. அவரும் அந்தப் பெயருக்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பதுளை ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு டொக்டரம்மா ஒரு சனிக்கிழமை எங்கள் தோட்டத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட வயதில் இளையவர். தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அறையான பிள்ளைக்காம்பராவில் பெண்களைக் கூட்டி உட்கார வைத்திருந்தோம். பெருங்குடல் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்றதும் பாதிப் பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"உங்கட பெருங்குடலுக்குள்ள கோடிக்கணக்கில கிருமியள் இருக்குது. பயப்பிடாதேங்கோ, எல்லாம் கெட்டதில்லை. கீரை, பருப்பு, குரக்கன் இதுகளில இருக்கிற நாரை எங்களால செமிக்க ஏலாது. அதை இந்த உயிர்கள்தான் தின்னும். தின்னிட்டு ஒரு அமிலத்தை விடும். அந்த அமிலம்தான் குடல்சுவருக்குச் சாப்பாடு. குடல்சுவர் நல்லா இருந்தா நோய் வாறதும் குறையும்."

முன்வரிசையில் ராக்கம்மா அக்கா உட்கார்ந்திருந்தாள். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவள், கொழுந்து எடுப்பதில் கைவேகம் மிக்கவள், வாய்வேகம் அதைவிட. அவள் கேட்டாள்:

"அப்ப நாங்க மூணு வேளையும் கோதம்ப ரொட்டி தின்னா அதுங்க பட்டினியா டொக்டரம்மா?"

"ஓமம்மா, பட்டினிதான். பட்டினி கிடந்தா அதுகள் வேலை செய்யாது."

"நாங்க பட்டினி கெடந்தும் செய்யறோமே!"

கூட்டம் சிரித்தது. டொக்டரம்மாவும் சிரித்தார். பிறகு கீரையின் பச்சை, பீட்ரூட்டின் சிவப்பு, தேயிலையின் துவர்ப்பு பற்றிச் சொன்னார். செடிகள் தங்களுக்காக உண்டாக்குகிற அந்தப் பொருட்களையும் குடலில் உள்ள உயிர்கள் உடைத்து வேறு பொருளாக மாற்றுகின்றன, அவற்றில் சில குடலுக்கு நல்லது செய்யலாம் என்று ஆராய்கிறார்கள், முடிவாக இன்னும் சொல்ல முடியாது என்றார். தேயிலை என்றதும் ராக்கம்மா விடவில்லை.

"நல்ல தேயிலையெல்லாம் கப்பல்ல போயிருதுங்க. எங்களுக்குத் தூசிதான். தூசியில இருக்கா அந்தத் தொவர்ப்பு?"

போவதற்கு முன் டொக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன். "அக்கா, நான் சொன்னது வராமப் பாக்கிறதுக்கு. அதுவும் வாற வாய்ப்பு குறையும் எண்டுதான், வரவே வராது எண்டில்லை. கீரை வாசல்ல நிக்கிற காவல்காரன். கள்ளன் உள்ளுக்க வந்திட்டான் எண்டு சந்தேகம் வந்தா, இன்னொரு காவல்காரனைக் கொண்டந்து நிப்பாட்டாதேங்கோ. என்னட்ட அனுப்புங்கோ."

கீரைக்கு எங்கே போவது? அதுதான் எங்களுக்கு முதல் பிரச்சினை. மலையில் தேயிலைக்கு இடையே தண்ணீர் வடிய வெட்டியிருக்கும் கான்களின் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தானாக வளரும். வேலை முடிந்து வரும்போது பெண்கள் ஒரு கைப்பிடி பிடுங்கி வருவார்கள். ஆனால் தோட்டம் கம்பனி கைக்குப் போன பிறகு புல் வெட்ட ஆள் போடுவதைக் குறைத்து, களைக்கொல்லி மருந்து அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். டொக்டரம்மா வந்துபோன சில நாட்களில் கான் ஓரமெல்லாம் மஞ்சளாகச் செத்துக் கிடந்தது. நான் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு துணை நிர்வாகியான சின்னத் தொரையிடம் போய், கான் ஓரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். "இது தேயிலைத் தோட்டமா, கீரைத் தோட்டமா?" என்றார். மருந்துச்சாலைச் சுவரில் அப்போது ஒரு பதாகை தொங்கியது. பச்சைக் காய்கறி உண்ணுங்கள் என்று எழுதி, ஆப்பிளும் எங்கள் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பச்சைப் பூவும் படம் போட்டிருந்தது. கீழே கையொப்பம் தோட்ட நிர்வாகம். எனக்கு அதைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை, தூசி தட்டினேன். அது என் வேலை.

கீரை போனதும் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெலிமடைப் பக்கத்திலிருந்து மரக்கறி லொறிகள் எங்கள் சந்தியில் நின்று போகும். பீட்ரூட்டில் உடைந்தது, சுண்டைக்காய் அளவில் இருப்பது, இலைத் தண்டு எல்லாவற்றையும் ஓரத்தில் தள்ளிவிட்டுப் போவார்கள். நம்மவர்கள் அதைப் பொறுக்கி வந்து, கிழங்கும் இலையும் ஒன்றாகப் போட்டு, பருப்புச் சேர்த்துச் சுண்டினார்கள். நல்ல கறி அது. ரொட்டியோடு சாப்பிட்டால் வயிறு நிறையும். டொக்டரம்மா சொன்ன நார் அதில் இருந்தது, சிவப்பும் இருந்தது.

அடுத்த வாரமே இரண்டு பெண்கள் வெளிறிப்போய் மருந்துச்சாலைக்கு வந்தார்கள். சிவப்பாகப் போகிறதாம். ஐயா, "பீட்ரூட் தின்னியா?" என்று கேட்டார். தின்றேன் என்றார்கள். "அதான்! சாயம். போ, போய் வேலையைப் பாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சொன்னது சரி. பீட்ரூட் சாயம் சிலருக்கு அப்படியே வெளியே வரும், அதில் ஆபத்தில்லை. அவர் முதலில் சரியாகச் சொன்னதுதான் பின்னால் வந்த கேட்டுக்கெல்லாம் ஆரம்பம். லயமெல்லாம் இது பெரிய பகிடியாகிவிட்டது. யாராவது ஆத்தோரம் ஒதுங்கிவிட்டு வந்தால், "என்னா, சாயம் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். சிவப்பைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை என்ற நிலை வந்தது. யோசித்துப் பாருங்கள். ரத்தத்தைக் கண்டு பயப்படாத ஒரு தோட்டம்.

ராக்கம்மா அக்கா என்னிடம் சொன்னது மருந்துச்சாலையில் அல்ல. தண்ணீர்ப் பீலியில் குடம் நிறைந்துகொண்டிருந்தது, வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

"புள்ள, எனக்குச் சாயம் ரொம்பப் புடிச்சுப் போச்சு போல. விட மாட்டேங்குது."

"எவ்வளவு நாளாக்கா?"

"மலையில செடியெல்லாம் கவ்வாத்து வெட்டி முடிஞ்சதுலருந்து. மலையில நிக்கயில திடீர்னு வருது. ஒதுங்குனா ஒண்ணும் இல்ல, அதுதான் போகுது. கங்காணி வேற, ஒனக்கு மட்டும் என்னா நித்தம் நித்தம்னு பேசுறான்."

அவள் சட்டையின் கை தோளில் தொங்கியது. முன்பு அந்தக் கை பிதுங்கும். நான் அவளை ஐயாவிடம் கூட்டிப்போனேன். அவர் தலை நிமிரவில்லை. "பீட்ரூட்." அவ்வளவுதான். பீட்ரூட்டை நிறுத்திப் பார் அக்கா என்று நான் சொன்னேன். நிறுத்தினாள். நாலைந்து நாளில் சாயம் போயிருக்க வேண்டும், சிவப்புப் போகவில்லை. திரும்பவும் கூட்டிப்போனேன்.

"அப்ப மூலம்" என்றார் ஐயா. "சூடு. கீரை நல்லாத் தின்னச் சொல்லு. அந்த டொக்டரம்மாவே சொன்னாங்கல்ல?"

பீட்ரூட் தின்றால் சாயம், தின்னாவிட்டால் மூலம். அவரிடம் இரண்டு பதில் இருந்தது. எழுந்து வந்து அவளைப் பார்ப்பது அதில் ஒன்றில்கூட இல்லை.

"பதுளைக்கு ஒரு துண்டு குடுங்கய்யா" என்றேன். ஐயா கையொப்பம் போட்ட அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் வேலைக்கு வராத நாளாகத்தான் எடுப்பார்கள், திரும்ப வந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஏச்சும் வாங்க வேண்டும். அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "கொழுந்து பொங்கி நிக்கிது. எதுக்கெடுத்தாலும் பதுளைக்கு அனுப்புறேன்னு தொரை என்னையக் கேக்குறாரு. மூலத்துக்கெல்லாம் துண்டு குடுத்தா மலையில யாரு நிப்பா? நீ படிச்சவளா, நான் படிச்சவனா?"

நான் வெளியே வந்து கட்டுத்துணிகளை அலசினேன். அந்த வாரம் மருந்துப் பெட்டி எடுக்கப் பதுளைக்குப் போனபோது டொக்டரம்மாவை வார்டு வாசலில் பிடித்தேன். முழுவதும் சொல்லி முடிக்க விடவில்லை அவர்.

"மெலிஞ்சிட்டாவோ?"

"ஆமாங்க. சட்டை தொங்குது."

"பீட்ரூட் நிப்பாட்டியும் போகுதோ?"

"போகுதுங்க."

"பிறகேன் இஞ்ச நிண்டு எனக்குக் கதை சொல்றீங்கள்? ஆளைக் கொண்டாங்கோ. துண்டு வேண்டாம். எனக்கு அந்தத் துண்டு தேவையில்லை, அது உங்கட தோட்டத்துக்குத்தான் தேவை."

என் மேல்தான் எரிந்து விழுந்தார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. ஹாலிஎல வருவதற்குள் அது கோபமாகிவிட்டது.

அடுத்த நாள் விடியற்காலை பெரட்டுக்களத்துக்குப் போனேன். அது என் இடமில்லை. கங்காணிமார், கணக்கப்பிள்ளை, கூடையோடு அத்தனை பெண்கள், கவ்வாத்து ஆண்கள், நடுவில் பெரிய தொரை. நான் தொரையின் முன் போய் நின்றேன்.

"என்னா? சீக்கிரம் சொல்லு" என்றார்.

"ராக்கம்மாவைப் பதுளைக்குக் கூட்டிப்போகணுங்க."

"துண்டு இருக்கா?"

"இல்லைங்க. ஐயா குடுக்கல்ல."

"ஏன் குடுக்கல்ல? என்ன நோய்?"

அந்தச் சொல்லை ஆண்கள் முன்னால் நான் ஒருநாளும் சொன்னதில்லை. எப்படியோ சொன்னேன். "பின்னால ரத்தம் போகுதுங்க." பின்வரிசையில் ஒருவன், "சாயம்டா!" என்றான். களம் முழுக்கச் சிரித்தது. ஐயாவும் அதற்குள் வந்துவிட்டார், "பீட்ரூட் கேஸ் சேர்" என்று தொரையிடம் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். நான் முகம் எரிய நின்றேன். அந்த நேரம் ஓடிப்போயிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். ராக்கம்மாதான் விடவில்லை. தலையிலிருந்து கூடைக் கயிற்றை எடுத்தாள். கூடையைக் கங்காணியின் காலடியில் வைத்தாள். நேராகத் தொரையிடம் வந்தாள்.

"தொரை, நம்பலைன்னா ஆத்தோரம் வாங்க. ஒங்க கண்ணாலயே பாத்துட்டு, அது சாயமா ரத்தமான்னு நீங்களே சொல்லுங்க. சாயம்னா ரெண்டு கூடை எடுக்குறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தொரையின் முகம் சுருங்கியது. அருவருப்பா வெட்கமா தெரியாது, எனக்கு அக்கறையும் இல்லை. கையை ஆட்டினார். "போ. கூட்டிட்டுப் போ." மனிதரை அசைக்க அவளுடைய நோய் போதவில்லை, அவருடைய அருவருப்புத் தேவைப்பட்டது. அன்றைக்கு அதுவே போதும் என்று பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டு அவளைச் சோதித்தார். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வெளியே வந்தவர் கையுறையைக் கழற்றி வாளிக்குள் எறிந்தார். "விரலிலயே தட்டுப்படுதக்கா. விரலிலயே." கை கழுவப் போய்விட்டார். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. எங்கோ எட்டாத இடத்தில் ஒளிந்திருந்த கட்டியில்லை அது. ஒரு விரல் எட்டும் இடத்தில் இருந்தது. அந்த விரலை வைத்துப் பார்க்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் அனுப்பக் கையொப்பம் போட அதே விரல் போதும்.

அறுவைச் சிகிச்சை செய்து, மலம் வெளியேற வயிற்றில் ஒரு வழி வைத்து, பை ஒட்டி அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்தபோது தோட்டத்தில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து யாரோ விசாரித்திருக்கிறார்கள். ஐயா, "இந்தப் பொண்ணுதான் பீட்ரூட் தின்னச் சொல்லிச் சனத்தைக் குழப்பிட்டா" என்று சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, இனிமேல் லயத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்றார்கள். லயத்திலோ, பீட்ரூட் தின்றால் புற்றுநோய் வரும் என்று பேச்சு. பிள்ளைகளின் தட்டிலிருந்து அதை எடுத்து வீசினார்கள். திரும்பவும் ரொட்டியும் சம்பலும்.

என்னிடம் மன்னிப்பை எதிர்பார்த்தார்கள். நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கமாட்டேன். டொக்டரம்மா சொன்ன பாடமும் சரி, பெண்கள் குப்பையிலிருந்து பொறுக்கி உண்டாக்கிய கறியும் சரி. வராமல் தடுக்கச் சொன்ன பேச்சை, வந்துவிட்ட ஒருத்தியைத் துரத்துவதற்கு எடுத்தார்களே, அது குற்றம். கீரையைக் கானில் கொன்றுவிட்டு, மருந்துச்சாலையில் அதையே மருந்தாக எழுதிக்கொடுத்தார்களே, அது குற்றம். அதை என் தலையில் ஏற்றிக்கொள்ள நான் தயாராக இல்லை. உங்கள் தலையிலும் ஏற்றப் பார்ப்பார்கள். வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் நான் ராக்கம்மாவிடம்தான் சொல்லிப் புலம்பினேன். அவள் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டொக்டரம்மாகிட்ட கேளு, நான் பீட்ரூட் திங்கலாமான்னு."

கேட்டேன். புண் ஆறியபின், நன்றாக வேகவைத்துக் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றார். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மா பீட்ரூட் வாங்கிவரச் சொல்லிச் சமைத்துச் சாப்பிட்டாள். மறுநாள் வேலை முடிந்து வந்த பெண்களையெல்லாம் தன் காம்பராவுக்குள் கூப்பிட்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள். சேலையை ஒதுக்கினாள்.

"யே, மூஞ்சியத் திருப்பாதீங்கடி. ஒங்க வயித்துலயும் இதான் இருக்கு, எனக்குப் பையில இருக்கு, அம்புட்டுதான். பாருங்க. செவப்பா இருக்கா? இது பீட்ரூட்டு. நேத்துத் தின்னது. நாலு நாள் கழிச்சு வாங்க, காட்டுறேன்."

நாலு நாள் கழித்து அதே பெண்கள் போனார்கள். கூடுதலாகவும் சிலர் வந்திருந்தார்கள். சிவப்பு இல்லை.

"போச்சா? சாயம்னா போயிரும். ஒருத்திக்குப் போகலைன்னா, தின்னாமலே வந்துச்சுன்னா, எந்திரிச்சுப் பதுளைக்குப் போங்க. எவன்கிட்டயும் துண்டு கேக்காதீங்க. மூலம்னு எவனாச்சும் சொன்னா, பாத்துட்டுச் சொல்றியான்னு கேளுங்க. பீட்ரூட்ட நல்லாத் தின்னுங்கடி, அது என்னா பாவம் பண்ணுச்சு?"

"கறி வச்சா எங்களுக்கும் குடுக்கா" என்றாள் ஒருத்தி.

"பையிலருந்தா, சட்டியிலருந்தா?"

அப்படி ஒரு சிரிப்பை அந்த லயத்தில் நான் கேட்டதில்லை. பெரட்டுக்களத்தில் அவளைப் பார்த்துச் சிரித்த அதே பெண்கள்தான்.

சில வருடங்களில் அவளுக்கு ஈரலில் வந்துவிட்டது. முதல் சிவப்பிலேயே வந்திருந்தால் என்று டொக்டரம்மா தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். இழவு வீட்டுக்கு ஐயாவும் வந்தார். "விதி" என்றார். எனக்குக் கூச்சம் வரவில்லை. "இல்லைங்கய்யா" என்றேன், எல்லோர் முன்னாலும். அவர் தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

நீங்கள் லயத்துக்குப் போங்கள். கீரையைச் சொல்லுங்கள், பருப்பைச் சொல்லுங்கள், குடலில் இருக்கும் அந்த உயிர்களைப் பட்டினி போட வேண்டாம் என்று சொல்லுங்கள். கீரை வளர இடம் கேட்டுச் சண்டையும் போடுங்கள். சிவப்பு என்று ஒருவர் வந்து நின்றால், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கலாம். கடைசிக் கேள்வியாக இருக்கக் கூடாது.

ராக்கம்மாவின் காம்பராவில் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில் ஒருத்தி, அவள் செத்த அடுத்த வருடம், கொழுந்து பொங்கி நின்ற காலத்தில், யாரிடமும் துண்டு கேட்காமல் பதுளைக்குப் பஸ் ஏறினாள். பீட்ரூட் தின்னாமலே சிவப்பு வந்ததாம். குடலில் ஒரு சின்ன முளை, இன்னும் புற்றாக மாறவில்லை. கண்டிக்கு அனுப்பிக் குழாய் விட்டு எடுத்தார்கள். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாள், பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். அவள் போய்வந்த நாட்களுக்குப் பெரட்டில் அவளுக்குப் பேர் போடவில்லை, சம்பளமும் இல்லை. வெறும் மூலத்துக்குச் சொல்லாமல் வேலையை விட்டுப் போனவள் என்று கணக்கப்பிள்ளை களத்தில் நிறுத்தி ஏசினார்.

அவள் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, கணக்கப்பிள்ளையைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டாளாம்:

"அய்யா, நீங்க பாத்துட்டுச் சொல்றீங்களா?"